சொதி எந்த வகையில் வரும்?

குழு: ஆச்சி சமையல் 🍛

காலை 10.14

சித்தி: அக்கா, நம் சமையல் வலைத்தளத்தில் கூழ்வத்தல் குறிப்பைத் தேடித் தேடிக் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. வெயில் இப்போதே கொளுத்துகிறது, நாளைக்குக் கூழ் கிண்டலாம் என்று பார்த்தேன்.

பெரியம்மா: போன வருஷம் சித்திரையில் எழுதினது. கீழே போய்க்கொண்டே இரு, வரும்.

சித்தி: போய்க்கொண்டேதான் இருக்கிறேன். இன்னும் புரட்டாசியே தாண்டவில்லை.

தம்பி: அறுபது குறிப்புக்கு மேல் ஆகிவிட்டது பெரியம்மா. எல்லாம் ஒரே பட்டியல், புதியது மேலே. இனிமேல் வகைவாரியாகப் பக்கம் வேண்டும். குழம்பைத் தொட்டால் குழம்பு மட்டும், துவையலைத் தொட்டால் துவையல் மட்டும். அக்கா, எங்கே இருக்கிறாய்?

அக்கா: மீட்டிங். சாயங்காலம் உட்கார்கிறேன். அதற்குள் என்னென்ன வகை என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். ஏழுக்கு மேல் போகாமல்.

மாமா: குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், துவையல், சோறு, களி, வத்தல் வடகம், ஊறுகாய், பலகாரம்.

அக்கா: பத்து ஆகிவிட்டது மாமா.

மாமா: வாயால் சொல்லும்போது குறைவாகத்தான் தெரிந்தது மருமகளே.

நான்: சொதி எதில் வரும்?

பெரியம்மா: குழம்பில்தான்.

சித்தி: சொதியைக் குழம்பு என்று சொல்லாதே அக்கா. புளியே கிடையாது. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும். தனியாக வை.

தம்பி: ஒரே ஒரு குறிப்புக்கு ஒரு வகையா சித்தி?

மாமா: கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் போடுவது அது. ‘விசேஷம்’ என்று ஒன்று வைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

பெரியம்மா: அப்படிப் பார்த்தால் உளுந்தங்களியும் விசேஷம்தான். பெண் பெரியவளானால் முதலில் கிண்டுவது எது? கூட்டாஞ்சோறு மட்டும் என்னவாம்?

தம்பி: ஒரு குறிப்பு இரண்டு இடத்திலும் இருக்கலாமே.

அக்கா: இருக்கலாம். ஆனால் இப்படிச் செய்வோம். என்ன பண்டம் என்பது கேட்டகரி, அதாவது வகை. எப்போது செய்வது என்பது டேக். சொதி குழம்பில் இருக்கும், ‘விசேஷம்’ என்ற டேகும் இருக்கும். நம் குறிப்புக் கோப்புகளை வலைப்பக்கமாக மாற்றும் மென்பொருள் ஜெகில். அதற்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய வித்தியாசம், கேட்டகரியின் பெயர் பக்கத்தின் முகவரிக்குள் நுழைந்துகொள்ளும், டேக் நுழையாது. அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, சாயங்காலம் சொல்கிறேன்.

சித்தி: சரி. ஆனாலும் சொதி குழம்பு இல்லை.

மாலை 6.48

தம்பி: அக்கா, இதற்கென்றே ‘ஜெகில் ஆர்க்கைவ்ஸ்’ என்று ஒரு பிளக்இன், அதாவது ஜெகிலோடு சேர்க்கும் துணை நிரல், இருக்கிறது. போட்டால் வகைப் பக்கம் தானாக வந்துவிடும். போடட்டுமா?

அக்கா: ஜெகிலை ஓட்டி நம் தளத்தைக் கட்டி இணையத்தில் வைப்பது கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை. அது தானாகக் கட்டும்போது குறிப்பிட்ட சில பிளக்இன்களை மட்டும்தான் ஓடவிடும், ஆர்க்கைவ்ஸ் அதில் இல்லை. உன் கணினியில் பக்கம் அழகாக வரும், ஏற்றினால் காணாமல் போகும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கி வசதியை வைத்து நாமே கட்டினால் எந்தப் பிளக்இனும் ஓடும். இந்தச் சின்ன விஷயத்துக்கு அது தேவையில்லை.

தம்பி: அப்படியென்றால் ஜெகில் மாதிரியே இருக்கும் ஹியூகோவுக்கே மாறிவிடலாம். அதில் கேட்டகரி, டேக் இரண்டுக்கும் பக்கம் தானாகவே உருவாகும்.

அக்கா: உருவாகும், உண்மைதான். ஆனால் நம் லேஅவுட், அதாவது பக்கத்தின் அச்சு, எல்லாம் ஜெகில் பயன்படுத்தும் லிக்விட் என்ற டெம்ப்ளேட் மொழியில் இருக்கிறது. ஹியூகோவுக்குப் போனால் எல்லாவற்றையும் கோ மொழியின் டெம்ப்ளேட்டில் திரும்ப எழுத வேண்டும். பரீட்சை முடிந்ததும் நீ எழுதுகிறாயா?

தம்பி: ஜெகிலே நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா: வேலை இவ்வளவுதான். ‘வகை’ என்று ஒரே ஒரு லேஅவுட். அதில் ஒரு சுற்று: இந்தப் பக்கத்தின் தலைப்பு எதுவோ, அந்தப் பெயருள்ள கேட்டகரியின் பதிவுகளை எடுத்து வரிசையாகக் காட்டு. அப்புறம் ஒவ்வொரு வகைக்கும் ஒரு குட்டிக் கோப்பு. அதில் ஃப்ரண்ட் மேட்டர், அதாவது கோப்பின் தலையில் வரும் விவரப் பகுதி, மட்டும் போதும்: லேஅவுட் பெயர், தலைப்பு, முகவரி. உள்ளே ஒரு வரியும் எழுத வேண்டாம். புதிய வகை வந்தால் இன்னொரு குட்டிக் கோப்பு, அவ்வளவே.

தம்பி: நிரலை இங்கேயே ஒட்டு, நான் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா: வேண்டாம், கோப்பாக அனுப்புகிறேன். உன் ஐபோனில் தட்டித் திருத்தினால் சிறுகோடுகள் சேர்ந்து நெடுங்கோடாகிவிடும். ஃப்ரண்ட் மேட்டரைத் தொடங்கும் முதல் வரியில் மூன்று சிறுகோடு சரியாக இல்லாவிட்டால் ஜெகில் அந்தக் கோப்பைச் சமைக்காது, அப்படியே பச்சையாக நகலெடுத்து வைத்துவிடும்.

அக்கா: அந்த வில்லங்கம் இதுதான், எல்லாரும் படியுங்கள். இதுவரை எந்தக் குறிப்புக்கும் கேட்டகரி இல்லை. அதனால் முகவரி வருஷம், மாதம், தேதி, பெயர் என்று இருக்கிறது. கேட்டகரி சேர்த்த உடனே அந்தப் பெயர் முகவரியின் தலையில் போய் ஏறிக்கொள்ளும். அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கும் பழைய லிங்க் அத்தனையும் செத்துப்போகும்.

பெரியம்மா: ஐயோ, அமெரிக்காவில் இருக்கிறவர்கள் எல்லாம் அந்த லிங்கைத்தானே வைத்திருக்கிறார்கள்!

அக்கா: பயப்படாதே அம்மா. தளத்தின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில், முகவரி எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் பெர்மாலிங்க் வரியை நாமே எழுதிவிட்டால் போதும்: கேட்டகரியை விட்டுவிட்டு, வருஷம், மாதம், தேதி, பெயர் மட்டும். பழைய முகவரி அப்படியே நிற்கும். தம்பி, குறிப்புகளைத் தொடுவதற்கு முன்னால் இந்த வரியை ஏற்று. அதற்கு அப்புறம்தான் கேட்டகரி.

தம்பி: 👍

இரவு 9.20

தம்பி: கேட்டகரி எல்லாம் போட்டு ஏற்றிவிட்டேன். ‘எல்லா வகைகளும்’ என்று மொத்தப் பட்டியல் பக்கமும் இருக்கிறது. பாருங்கள்.

சித்தி: வத்தல் வடகம் பக்கம் காலியாக இருக்கிறதே?

நான்: மொத்தப் பட்டியலில் ‘வத்தல்’ என்று ஒன்று, ‘வடகம்’ என்று ஒன்று, தனித்தனியாக வருகிறது.

அக்கா: பன்மையில் ‘கேட்டகரீஸ்’ என்று எழுதி, அதே வரியில் இரண்டு சொல்லைப் போட்டிருப்பாய். இடைவெளி வந்தால் ஜெகில் இரண்டு வகை என்று பிரித்துவிடும். சதுர அடைப்புக்குள் போடு. இல்லாவிட்டால் ஒருமையில் ‘கேட்டகரி’ என்று எழுது, அது பிரிக்காது.

தம்பி: சரி, அடைப்புக்குள் போட்டுவிட்டேன். இப்போது ஒன்றாகிவிட்டது.

மாமா: பொரியலும் இரண்டு இருக்கிறது. ஒன்றில் ஏழு, ஒன்றில் இரண்டு. எழுத்துப்பிழை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கண் இது.

தம்பி: நானும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே சொல்தான் அக்கா. இடைவெளிகூட இல்லை.

அக்கா: அந்த இரண்டும் யார் எழுதின குறிப்பு?

சித்தி: என்னுடையதுதான். பழைய கம்ப்யூட்டரில் தட்டி வைத்திருந்ததை மாற்றி அனுப்பினேன். பொரியல் என்ற வரியை நானே மேலே எழுதியிருந்தேன்.

அக்கா: அதுதான். தம்பி அந்த வரியையே நகலெடுத்துக் கேட்டகரியில் ஒட்டியிருப்பான். கணினியில் எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் அட்டவணையான யூனிகோடில் ‘பொ’வை இரண்டு விதமாக வைக்கலாம். பகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஜெகில் உள்ளே இருக்கும் குறியைத்தான் பார்க்கிறது, அதற்கு இரண்டும் வேறு சொல். கொ, மோ, கௌ எல்லாவற்றுக்கும் இதே கதை. தம்பி, அந்த இரண்டு கோப்பிலும் பொரியலை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டு. வகைப் பக்கம் மட்டும் போட்டிருந்தால் அந்த இரண்டு குறிப்பும் காணாமல் போனதே தெரிந்திருக்காது. மொத்தப் பட்டியல் வைத்தது இதற்காகத்தான்.

மாமா: அப்படியே இன்னொன்று. குழம்புப் பக்கத்தில் கறிவேப்பிலைக் குழம்பு எப்படிக் கலவைக்கீரைக் குழம்புக்கு முன்னால் வந்தது? ல முதலில், ற கடைசியில். இரண்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும்.

அக்கா: தலைப்பு வரிசையில் அடுக்கச் சொல்லியிருக்கிறேன் மாமா. அது யூனிகோட் எண் வரிசையில் அடுக்குகிறது. அந்த அட்டவணையில் ரகரத்துக்கு அடுத்தே றகரம், நகரத்துக்கு அடுத்தே னகரம். லிக்விடுக்கு நம் நெடுங்கணக்கு தெரியாது.

மாமா: தமிழ் எழுத்தைத் தமிழ் வரிசையில் வைக்காமல் என்ன அட்டவணை அது?

அக்கா: அதை என்னால் மாற்ற முடியாது. ஒவ்வொரு குறிப்பிலும் ‘வரிசை’ என்று ஓர் எண் போட்டால் அந்த எண்படி அடுக்கலாம். யாராவது கையால் எழுதித் தர வேண்டும்.

மாமா: தருகிறேன். காலையில் பேப்பர் வருவதற்குள் முடித்துவிடுவேன்.

நான்: நடுவில் புதிய குறிப்பு வந்தால் எல்லா எண்ணையும் மாற்ற வேண்டியிருக்குமே?

அக்கா: பத்து, இருபது, முப்பது என்று விட்டுவிட்டுப் போடுங்கள் மாமா. இடையில் செருகிக்கொள்ளலாம்.

பெரியம்மா: குழம்புப் பக்கத்து லிங்கை அனுப்பிப் பார்த்தேன். பாதிப் பக்கத்துக்கு சதவீதக் குறியாக வருகிறது. கிருமி வந்துவிட்டதா?

அக்கா: இல்லை அம்மா. முகவரியில் தமிழ் இருந்தால் அனுப்பும்போது பல இடங்களில் அப்படி விரிந்துவிடும். குழம்பு என்ற ஒரு சொல்லே 63 எழுத்தாக நீளும். குறிப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் கோப்புப் பெயர் இருப்பதால் அங்கே இது தெரியவில்லை. தம்பி, குட்டிக் கோப்புகளில் முகவரி வரியை மட்டும் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடு. தலைப்பைத் தொடாதே, அது கேட்டகரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

தம்பி: மாற்றிவிட்டேன். பெரியம்மா, இப்போது அனுப்பிப் பாருங்கள்.

பெரியம்மா: குட்டியாக வந்துவிட்டது 👏 அமெரிக்காவுக்கும் அனுப்பிவிட்டேன்.

சித்தி: சொதி குழம்புப் பக்கத்திலேயே இருக்கிறது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் காலை 6.05

மாமா: 📷 புகைப்படம்

மாமா: வரிசை தயார். மோர்மிளகாய்க்கும் இடம் விட்டிருக்கிறேன்.

அக்கா: மோர்மிளகாய்க் குறிப்பு தளத்தில் இல்லையே மாமா.

பெரியம்மா: இன்றைக்கு எழுதிவிடுகிறேன். எந்த வகை போடட்டும்?

மாமா: வத்தல். வெயிலில் காயவைக்கிறோம் அல்லவா.

சித்தி: உப்பும் மோரும் போட்டு ஊறவைக்கிறோம். ஊறுகாய்.

தம்பி: சதுர அடைப்புக்குள் இரண்டையும் போட்டுவிடுகிறேன்.