இது யார் பாடாந்தரம்?

டப்ளினிலிருந்து:

ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுக் கற்ற வடிவத்தைக் கர்நாடக இசையில் பாடாந்தரம் என்போமே, அந்த மாதிரி உங்கள் முதல் ஐரிஷ் ட்யூனை யாரிடம் கற்றீர்கள் என்று ஐரிஷ் குழல் ஊதும் நம்மில் எல்லோரும் எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

கிளேர் மாவட்டத்தில் மில்டவுன் மால்பே என்று ஒரு சின்ன ஊர். யூலன் பைப் என்கிற ஐரிஷ் துருத்திக் குழல் வாசித்த வில்லி கிளான்சி அந்த ஊர்க்காரர். 1973 தொடக்கத்தில் அவர் காலமானார். அதே வருஷம் அவர் பெயரில் தொடங்கிய கோடைப் பள்ளி இன்றும் ஜூலையில் நடக்கிறது. அந்த வாரம் பப், சமையலறை, நடைபாதை என்று எங்கே திரும்பினாலும் குழல், ஃபிடில், கான்செர்ட்டினா என்கிற கைத்துருத்திப் பெட்டி.

சின்ன வயசில் நாலு வருஷம் கர்நாடகக் குழல் படித்தவன் நான். வர்ணம் என்கிற பாடத்தோடு நின்றுபோனது. அந்தத் திமிரில்தான் அந்தப் பள்ளியின் குழல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வாத்தியார் தாள் எதுவும் தரவில்லை. இரண்டு பார், அதாவது நம்ம ஆவர்த்தம் மாதிரி இரண்டு சின்னத் துண்டு, ஊதினார், நாங்கள் திருப்பி ஊதினோம், பிறகு அடுத்த இரண்டு பார். அட, நம்ம முறைதானே என்று நிம்மதியானேன். பத்து நிமிஷம்கூட அந்த நிம்மதி நிற்கவில்லை.

ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து வருகிற இடத்தில் இவர்கள் நடுவே ஒரு ‘கட்’ போடுவார்கள். மேலே ஒரு விரலைத் தூக்கி, தூக்கிய வேகத்திலேயே மூடுவது. என் காது அதை அனுஸ்வரம், அதாவது கமகத்தில் தொட்டுச்செல்லும் துணை ஸ்வரம், என்று எடுத்துக்கொண்டு, அந்த ஸ்வரத்தையும் சுத்தமாகத் தொட்டது. வாத்தியார் நிறுத்திவிட்டார். அது இன்ன ஸ்வரம் என்று யாருக்கும் தெரியக் கூடாதாம், தட்டு மட்டும் காதில் விழ வேண்டுமாம். குழலை மறந்து மிருதங்க விரலை நினைத்துக்கொண்ட பிறகுதான் கொஞ்சம் வந்தது. ‘ரோல்’ இன்னும் மோசம். ஸ்வரம், ஒரு கட், அதே ஸ்வரம், கீழ்த்துளையில் ஒரு தட்டு, மறுபடி அதே ஸ்வரம். ஜிக் என்கிற ஆட்ட மெட்டில் இத்தனையும் ஒரே அடிக்குள் முடிய வேண்டும். இன்றைக்கும் பத்துக்கு ஆறுதான் எனக்குத் தேறும்.

அங்கே கற்றது, கால்வே பக்கத்து அக்கார்டியன்காரர் ஜோ கூலியின் பெயரில் வழங்கும் ரீல், அதுவும் ஓர் ஆட்ட மெட்டு. கரகரப்பிரியா ராகத்தின் சாயல். எட்டெட்டு பாராக இரண்டு பகுதி. பப்பில் கூடி வாசிக்கிற செஷனுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்தது. வாத்தியார் சொல்லித்தந்த இரண்டாம் பகுதியில் மட்டும் சின்ன மாற்றம் இருந்தது. அன்று ராத்திரி பப்பில் ஊதியபோது பக்கத்து ஃபிடில்காரர் அதைப் பிடித்துவிட்டார். “யாரிடம் எடுத்தது?” என்றுதான் கேட்டார். ட்யூனின் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இசைத்தட்டு உறையிலேயே ‘கன் அன்யிம்’, அதாவது பெயரில்லை, என்று போட்டிருப்பார்கள். யாரிடம் எடுத்தது என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

கார்க்கிலிருந்து:

அண்ணா, உங்களுக்காவது வாத்தியார் கிடைத்தார். எனக்குக் கிடைத்தது யூட்யூபும் ஒரு டெல்ரின் குழலும்தான். மரக்குழல் வாங்கினால் ஹீட்டர் ஓடுகிற அறையில் விரிசல் விடும், பாதாம் எண்ணெய் தடவிப் பார்த்துக்கணும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தியதில் பிளாஸ்டிக்கே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆறு மாசம் வீட்டில் பழகிவிட்டு செஷனுக்குப் போனேன். யாரும் எதையும் அறிவிப்பதில்லை. ஒருத்தர் ஆரம்பிப்பார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒரு ட்யூன் மூணு தடவை சுற்றி வந்ததும் எங்கிருந்தோ ஒரு “ஹப்!” கேட்கும், மொத்தக் கூட்டமும் அடுத்த ட்யூனுக்குத் தாவிவிடும். தெரியாத ட்யூனுக்கும் நான் டி, ஏ என்கிற இரண்டு ஸ்வரங்களை மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருந்தேன், சுருதி சேருகிறதே என்று! பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என் முழங்காலில் கை வைத்து, குழலைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள் என்றார். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதே அம்மாதான் இடைவேளையில் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய், ‘டிடில் டீ’ என்று வாயாலேயே கெர்ரி மாவட்டத்து ஆட்ட மெட்டான போல்கா ஒன்றைச் சொல்லித்தந்தார். அவர் வாசிப்பது கான்செர்ட்டினா. அதற்கு மூச்சுக் கவலை ஏது? ஆட்டத்துக்கான இசையாச்சே, ஓய்வே கிடையாது. இரண்டாம் பகுதி முடிவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிடுகிறது. நீங்களெல்லாம் எங்கே மூச்சு வாங்குகிறீர்கள்?

லண்டனிலிருந்து:

நான் எடுத்தது ஒரு பொலிஸ்காரரிட்ட எண்டு சொல்லலாம். கார்க் பக்கம் 1848 இல பிறந்து, சிக்காகோவில பொலிஸ் தலைவரா இருந்த பிரான்சிஸ் ஓ’நீல். அவரும் குழல்காரர்தான். 1903 இல 1850 மெட்டுகளோட புத்தகம் போட்டவர். அதில இருந்து ஒரு ஜிக்கை ஒரு புள்ளி பிசகாமல் பாடமாக்கிக்கொண்டு செஷனுக்குப் போனன்.

அறுபதுகளில கட்டட வேலைக்கு வந்த ரோஸ்கொமன் மாவட்டத்து ஐயா ஒருத்தர் முழுக்கக் கேட்டார். பிழை ஒண்டும் இல்லையாம், ஆனா ஒருத்தரும் இப்படி வாசிக்கிறேல்லையாம். பிறகு தன்ர குழலை எடுத்தார். கட்டும் இல்லாமல், ரோலும் இல்லாமல், எலும்பை மட்டும் நான் கொண்டு போயிருக்கிறன் எண்டு அப்பதான் விளங்கினது.

அவற்ற குழல் பழைய எட்டுச் சாவிக் குழல், விரலால அமத்தித் துளையைத் திறந்து மூடுற எட்டு உலோகச் சாவி. போம் எண்ட ஜெர்மன்காரர் 1847 இல கொண்டுவந்த புதுக்குழல் மெல்ல மெல்லப் பரவ, ஆர்கெஸ்ட்ராக்காரர் கைவிட்ட மரக்குழலுகள் மலிவா ஐரிஷ் ஆக்களின்ர கைக்குப் போனது. ஐயா எட்டுச் சாவியில ஒண்டையும் தொட்டு நான் காணேல்ல. அவரிட்டக் கேட்டுப் போனில பதிஞ்சு, வேகத்தைக் குறைச்சு வைச்சு ரெண்டு மாதம் பழகினன். இப்பவும் பிழைதானாம்.

டப்ளினிலிருந்து:

தங்கச்சி, பகுதி முடிகிற இடத்தில் மூச்சு வாங்காதே. எல்லோருக்கும் கை அங்கேதான் நிற்கும், ஆடுகிறவர் காலும் அங்கேதான் இடறும். நீளமான ஸ்வரம் எங்கே வருகிறது என்று பார். அதில் முதல் பாதியை மட்டும் ஊது, மறுபாதியில் மூச்சு. நீளமே இல்லையென்றால் பாருக்கு நடுவில் ஒரு சின்ன ஸ்வரத்தை விழுங்கிவிடு, யாரும் திட்ட மாட்டார்கள். மூணு தடவைக்கும் ஒரே இடம் வேண்டாம்.

அந்தப் போல்காவைப் பதிந்து அனுப்பு. குழலில் இல்லை, அந்த அம்மா சொன்ன மாதிரியே வாயால்.