தேயிலைக் கொழுந்து நிறுவையில் ஒருவர் கத்தியோடு வந்தால் என்ன செய்வது? ஊழியர்களை எப்படிப் பழக்குவது?

கேள்வி (வெளிக்கள உத்தியோகத்தர், மஸ்கெலியாப் பக்கம்):
வணக்கம். நான் வேலைக்குச் சேர்ந்து 8 மாதம். போன வாரம் பின்னேர நிறுவையில் ஒரு அக்காவின் கொழுந்தில் ஈரத்துக்கென்று 2 கிலோ கழித்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ. அவருக்கு 17தான் நின்றது, அரைப் பேர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய கணவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்துவிட்டார். கொழுந்துக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளைக்கு முன்னால் தராசு, பின்னால் கொழுந்துச் சாக்கு. கொழுந்து நிறுக்கும் மடுவத்து மூலையில் மாட்டிக்கொண்டார். எனக்குக் கை நடுங்கி போன் கீழே விழுந்தது. இரண்டு பெண்கள் குறுக்கே நின்றதால் தப்பினோம். இப்போது துரை (தோட்ட மேலாளர்), 11 ஊழியர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி வைக்கச் சொல்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1 (முன்னாள் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர், பொகவந்தலாவை):
மகள், முதலில் அந்த அக்காவின் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். 26 வருடம் தலைவராக இருந்தேன். நான் பார்த்த சண்டைகளில் பாதி அந்தக் கழிவில் தொடங்கியவை. தராசின் முகம் கொழுந்து கொண்டுவருபவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எவ்வளவு கழிக்கிறோம், ஏன் என்று அவர் முன்னால் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். கேட்டால் திரும்ப நிறுத்துக் காட்டுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

பயிற்சியை ஆபீசில் வைக்காதீர்கள், மடுவத்திலேயே வையுங்கள். ஒருவர் கோபமாக வருபவராக நடிக்கட்டும். கணக்கப்பிள்ளை வாசல் பக்கம் நின்று பழகட்டும். கத்தியை யாரும் பிடுங்கப் போகக் கூடாது, இதில் சமரசமே இல்லை. "அண்ணே, கணக்கு இந்தா இருக்கு, தலைவரையும் வைத்துப் பார்ப்போம்" என்று மெதுவாகச் சொல்லி, பின்னால் நகர இடம் வைத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிப் பழகாத வார்த்தை அந்த நேரத்தில் வராது.

பதில் 2 (தாதி, ஹட்டன்):
எங்கள் வெளிநோயாளர் பிரிவில் சம்பள நாள் இரவென்றால் இதே பாடுதான். நாங்கள் ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம்: "பெரிய பதிவேட்டைக் கொண்டு வாங்க." அந்த வார்த்தையைக் கேட்டவர் வெளியே போய் பொலிஸ் 119க்கு அழைப்பார். உங்கள் மலையில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று இன்றே பார்த்து வையுங்கள் தங்கச்சி.

அடி விழாவிட்டாலும் எழுதி வையுங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட 190ஆம் சமவாயம் மிரட்டலையும் வன்முறையாகத்தான் சொல்கிறது. அந்தக் கணக்கப்பிள்ளையைத் தனியாகத் தராசுக்கு அனுப்பாதீர்கள். தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.

அப்புறம், வன்முறை கீழிருந்து மட்டும் வருவதில்லை. மேல் மலையில் தனியாகக் கொழுந்தெடுக்கும் பிள்ளையிடம் ஒரு மேலாள் தப்பாகப் பேசினால் அவள் யாரிடம் சொல்வாள்? அதையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் பேசுங்கள். 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவில் அப்படிப்பட்ட பாலியல் தொந்தரவு குற்றம், 5 வருடம் வரை சிறை. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தைப் காலையில் எல்லோரும் கூடும் பிரட்டுக் களத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கேட்டவர்:
ஐயா, அக்கா, நன்றி. நேற்று அந்த வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார்கள். அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. அந்த அக்கா மட்டும், "அன்றைக்கு மழையே இல்லையே, பிள்ளை" என்றார். மழைப் பதிவேட்டைப் பார்த்தேன், உண்மைதான். அரைப் பேரை முழுப் பேராகத் திருத்தச் சொல்லி இன்று துரைக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். தராசை நாளைக் காலை திருப்பி மாட்டுகிறோம். பயிற்சி சனிக்கிழமை, மடுவத்தில்.