பொன்னியின் செல்வன் படித்தால் சோழர் வரலாறு தெரிந்துவிடுமா?

குடந்தைக்காரன்: "5 பாகமும் படித்தாயிற்று, ஆதித்த கரிகாலன் கொலையில் இனித் தெரிய ஒன்றுமில்லை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கரிகாலன் ராசராசனின் அண்ணன், கொல்லப்பட்ட சோழ இளவரசன். நாவலில் வரும் நந்தினி கல்கியின் கற்பனை. சான்று என்றால் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கரிகாலனைக் கொன்ற துரோகிகள் பெயரோடு இருக்கிறார்கள். ஆண்டு, ராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டு. ராசராசனுக்கு முன் ஆண்ட சிற்றப்பன் உத்தம சோழர் அதுவரை ஏன் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்?

பொன்னிநேசன்: ரவிதாசன் பெயரை ஊருக்கெல்லாம் சொன்னதே கல்கிதான் ஐயா. 1950இல் அந்தத் தொடர் வராவிட்டால் உடையார்குடியை யார் தேடிப் போயிருப்பார்கள்?

கல்லெழுத்து: குடந்தை, 2ஆம் ஆண்டு தண்டனை கொடுத்த ஆண்டு இல்லை. துரோகிகள், அவர்களின் உறவினர் நிலங்களைப் பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற ஊரின் சபைக்குப் போன அரச ஓலை அது. அப்படி வந்த நிலத்தை 112 கழஞ்சு (பழைய எடை அளவு) பொன்னுக்கு வாங்கி ஒருவர் கோயிலுக்கு அறம் வைத்ததைத்தான் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கொலையாளிகளைப் பிடித்தது எப்போது? ஒரு வரி கிடையாது.

குடந்தைக்காரன்: ஓலை ராசகேசரி என்ற பட்டப்பெயரில் இருக்கிறது. உத்தமரின் பட்டப்பெயர் பரகேசரி. கரிகாலனின் தந்தை சுந்தர சோழரும் ராசகேசரிதான், ஆனால் அவருடைய 2ஆம் ஆண்டில் கரிகாலன் உயிரோடு இருந்தார். மிச்சம் ராசராசன், பட்டமேற்றது 985. அதுவரை நிலத்தைக்கூட யாரும் தொடவில்லை. 2ஆம் ஆண்டு!

செம்பியன்: நாவலின் நாயகன் வந்தியத்தேவனும் கற்பனைதானே?

பொன்னிநேசன்: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராசராசனின் அக்கா குந்தவையைக் குறிக்கும்போதே வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்றுதான் இருக்கிறது. நாவலில் வரும் ஆழ்வார்க்கடியான்தான் கற்பனை. இதை உங்களுக்குப் போன மாதமே சொன்னேன்.

செம்பியன்: போன மாதம் நீங்கள் சொன்னது வேறு. மாற்றிப் பேசாதீர்கள்.

கல்லெழுத்து: அந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாவலில் ஒரு பெயர் வந்தால் முதலில் கல்வெட்டில் தேடுங்கள். பிறகு பட்டம் எது, ஆட்சியாண்டு எத்தனை, ஆவணம் எதற்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். சோழரில் ராசகேசரியும் பரகேசரியும் மாறி மாறி வரும். பட்டத்தை மட்டும் பிடித்தால் ஆளே மாறிப்போவார். குடந்தை பட்டத்தைச் சரியாகப் பார்த்தார், ஆவணத்தின் நோக்கத்தை விட்டுவிட்டார். நிலம் கைமாறிய தேதியை வைத்து உத்தமர் தலையில் கொலையைக் கட்டுவது அநியாயம். திருவாலங்காட்டுச் செப்பேடு என்ன சொல்கிறது? மக்கள் வேண்டியும், சிற்றப்பன் உத்தமருக்கு ஆசை இருக்கும்வரை அரசு வேண்டாம் என்றார் அருண்மொழி, அதாவது ராசராசன்.

குடந்தைக்காரன்: பார்த்தீர்களா, ஆசை இருந்தது என்று செப்பேடே சொல்கிறது!

கல்லெழுத்து: அரசாசைக்குச் சான்று. கொலைக்கு இல்லை.

குடந்தைக்காரன்: அப்படியானால் 2ஆம் ஆண்டுவரை அந்த நிலத்தை அனுபவித்தது யார்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.