பேலியோவில் ஐந்து வாரமாக எடை நகரவில்லை: கேலரி, மேக்ரோ இலக்கை எப்படி வைப்பது?

பின்னலாடைக் கணக்கர்:
வணக்கம். ஊர் திருப்பூர், வயது 38, உயரம் 170 செ.மீ. நான்கு மாதம் முன்பு 92 கிலோவில், ஆதிமனிதன் உணவைப் பின்பற்றுவதாகச் சொல்லும் பேலியோ உணவுமுறையைத் தொடங்கினேன். முதல் வாரமே 2 கிலோ போனது, அப்புறம் நிதானமாக இறங்கி 84க்கு வந்தேன். அங்கேயே ஐந்து வாரமாக நிற்கிறது. அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை எதையும் தொடவில்லை. அக்கா மகள் கல்யாணத்தில்கூட பொரியல் மட்டும் சாப்பிட்டு எழுந்தேன். அவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் எடை நகராதபோது மனசு விட்டுப்போகிறது.

காலையில் பட்டர் டீ, இரண்டு ஸ்பூன் வெண்ணெய் போட்டு. 11 மணிக்கு நெய்யில் வறுத்த 100 பாதாம். மதியம் 4 முட்டை, ஏதாவது ஒரு காய். இரவு 150 கிராம் பனீர், கீரை. அலுவலகத்தில் உட்கார்ந்த வேலை. மாலையில் அரை மணி நேரம் நடக்கிறேன்.

செயலியில் ஒரு நாளுக்கு 1600 கேலரி, அதில் மேக்ரோ என்கிற மூன்று சத்துகளை, கொழுப்பு 75 சதவீதம், புரதம் 20, மாவுச்சத்து 5 என்று வைத்திருக்கிறேன். தினமும் மூன்றும் கிட்டத்தட்டப் பொருந்தி வருகின்றன. ஒருவர் கேலரியை 1200 ஆக்கு என்கிறார். இன்னொருவர் கொழுப்பை 80 சதவீதத்துக்கு ஏற்று என்கிறார். எதைக் கேட்பது?

ஈரோட்டு மஞ்சள்:
தம்பி, இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். வெண்ணெய் இரண்டு ஸ்பூன் என்கிறீர்களே, எந்த ஸ்பூன்? பொரியலுக்கும் ஆம்லெட்டுக்கும் ஊற்றுகிற எண்ணெய் கணக்கில் இருக்கிறதா? பாதாமை முதலிலிருந்தே நெய்யில்தான் வறுக்கிறீர்களா, இல்லை நடுவில் தொடங்கியதா?

பின்னலாடைக் கணக்கர்:
அக்கா, நீங்கள் கேட்ட பிறகு ராத்திரியே சமையல் தராசை எடுத்து வைத்துப் பார்த்தேன். நான் ஸ்பூன் என்று சொல்வது ஊறுகாய் ஜாடியில் கிடக்கிற எவர்சில்வர் கரண்டி. எப்போதும் எடுக்கிற மாதிரி வெண்ணெயைக் கோபுரமாக எடுத்துத் தட்டில் வழித்தேன். 20 கிராம் காட்டியது. அப்படி இரண்டு கரண்டி போடுகிறேன். செயலியில் இருப்பது இரண்டு டீஸ்பூன், அதாவது 10 கிராம்.

நெய் முதலில் கிடையாது. பாதாமை வெறும் வாணலியில்தான் வறுத்தேன். ஒன்றரை மாதமாகக் கொழுப்பு 75 சதவீதம் வராமல் குறைவு காட்டியதால் நெய் சேர்த்தேன். ஒரு டீஸ்பூன் என்று எழுதினேன், நிறுத்தால் 15 கிராம். எண்ணெயைப் பதிவு செய்யவே இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. மாலையில் வீட்டில் சட்னிக்குத் தேங்காய் உடைக்கும்போது இரண்டு சில்லு வாயில் போட்டுக்கொள்வேன். அதுவும் 40 கிராம் வருகிறது.

ஈரோட்டு மஞ்சள்:
எடை நின்றதும் நெய் வந்ததும் ஒரே நேரம், பார்த்தீர்களா? கூட்டிவிடலாம். வெண்ணெய் 40 கிராம், 287 கேலரி. ஒரு பாதாம் ஏறத்தாழ 1.2 கிராம், அப்போது நூறு பாதாம் 120 கிராம், 695. நெய் 15 கிராம், 135. நான்கு முட்டை 288. காய், கீரை 50. பனீர் 150 கிராம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 450 என்று வைப்போம். எண்ணெய் ஒரு நாளுக்கு 15 கிராம் என்றால் 135. தேங்காய் 140. மொத்தம் 2180.

இனி உங்கள் உடம்புக்கு வேண்டியது. மிஃப்லின் - செயின்ட் ஜியோர் என்று 1990இல் வந்த ஒரு கணக்கு இருக்கிறது. ஆணுக்கு, எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, 5 கூட்டு. பெண்ணுக்கு 5 கூட்டுவதற்குப் பதிலாக 161 கழிக்க வேண்டும். உங்களுக்கு 840, 1062, கழித்தல் 190, கூட்டல் 5. ஏறத்தாழ 1717. இது சும்மா படுத்திருந்தாலே செலவாவது. உட்கார்ந்த வேலைக்கு 1.2 மடங்கு, ஓரளவு நடமாட்டம் இருந்தால் 1.375. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள், 2150 பக்கம் வரும். சாப்பிடுவது 2180, செலவு 2150. பிறகு எடை எப்படி இறங்கும்? உங்கள் கட்டுப்பாட்டில் குறையே இல்லை. எழுதிய எண்தான் தப்பு. 1600 என்பது நீங்கள் ஒரு நாளும் சாப்பிடாத 1600. அதை 1200 ஆக்கியிருந்தால் பட்டினிதான் மிஞ்சியிருக்கும்.

நடைப்பழக்கம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இரண்டு வருடமாகப் பேலியோவில் இருக்கிறேன், ஒரு நாள்கூடக் கேலரி எண்ணியதில்லை, 11 கிலோ குறைந்தது. பசித்தால் சாப்பிடு, நிறைந்தால் நிறுத்து, அவ்வளவுதானே பேலியோ? கணக்கு போட ஆரம்பித்தால் சாப்பாடே பரீட்சையாகிவிடும்.

ஈரோட்டு மஞ்சள்:
உங்கள் அனுபவம் உண்மை, சகோ. முட்டையும் இறைச்சியும் காயும் சாப்பிட்டால் பலருக்கு வயிறே போதும் என்று சொல்லிவிடும். அவர்களுக்கு எண்ணுகிற வேலை இல்லை. ஆனால் பட்டர் டீயில் கரைந்த வெண்ணெய்க்கு மெல்லுகிற வேலையே கிடையாது. பாதாமும் அப்படித்தான், மேசைமேல் டப்பா இருந்தால் கை தானாகப் போகும். எடை இறங்கிக்கொண்டிருக்கும் வரை எண்ண வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று நான்கு வாரம் நின்றால் பத்து நாள் தராசு வைத்து எழுதிப் பார்ப்பது நல்லது. ஆயுசுக்கும் எழுதச் சொல்லவில்லை.

தூத்துக்குடி நெத்திலி:
எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது அந்த சதவீதம்தான். அண்ணா, செயலியில் கொழுப்பு குறைவாகக் காட்டியது என்று நெய் ஊற்றினீர்கள் அல்லவா? அந்த இடத்தில்தான் கணக்கு திரும்பிவிட்டது. மூன்று மேக்ரோவும் ஒரே மாதிரி இலக்கு இல்லை. புரதம் தினமும் எட்டியே ஆக வேண்டியது. மாவுச்சத்து தாண்டக் கூடாத கோடு. கொழுப்பு மிச்சத்தை நிரப்புவது மட்டும்தான். எடை குறைக்கும்போது அந்த மிச்சத்தில் ஒரு பங்கு உங்கள் தொப்பையிலிருந்து வர வேண்டும். தட்டிலேயே முழுசாக ஊற்றிவிட்டால் உடம்பு ஏன் இடுப்பில் கை வைக்கப்போகிறது?

அதனால் சதவீதத்தை மறந்துவிட்டுக் கிராமில் வையுங்கள். புரதத்தை இப்போதைய எடைக்கு இல்லாமல், போய்ச் சேர நினைக்கிற எடைக்குப் போடுங்கள். 70 கிலோ என்றால் கிலோவுக்கு ஒன்றரை கிராம், 105 கிராம், அது 420 கேலரி. மாவுச்சத்து நார்ச்சத்து போக 45 கிராம், 180 கேலரி. இலக்கு 1700 என்று வைத்தால் மீதி 1100. கொழுப்பு கிராமுக்கு 9 கேலரி என்பதால் 122 கிராம். அது உச்சவரம்பு, 100இல் நின்றாலும் குறையில்லை. இப்போது நீங்கள் சாப்பிடும் கொழுப்பு 190 கிராம் வருகிறது, புரதமோ 80ஐ ஒட்டித்தான். தசை கரையாமல் எடை குறைய அது போதாது.

இன்னொன்று. 75 சதவீதக் கொழுப்பு என்பது ஆதிமனிதன் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். 1985இல் ஈட்டன், கானர் என்ற இருவர் கற்கால உணவை மதிப்பிட்டு எழுதியதில் மாவுச்சத்து 45, புரதம் 34, கொழுப்பு 21 சதவீதம்தான். பாலும் பனீரும் அதில் இல்லவே இல்லை. நம் ஊரில் பேலியோ என்று நடப்பது பால் பொருளோடு சேர்ந்த குறைமாவு உணவுமுறை. அது தப்பு என்று சொல்லவில்லை, எனக்கே நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அந்த 75க்கு முன்னோர் பெயரில் மரியாதை கொடுக்க வேண்டாம்.

பின்னலாடைக் கணக்கர்:
தம்பி, இப்போதுதான் விளங்குகிறது. நாள் முழுக்கக் கணக்குப் பார்க்கிற ஆள் நான், வரவையும் வரம்பையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டேன். அப்படியென்றால் தட்டில் எதை மாற்றுவது? கோழி சாப்பிடுவேன், மதியம் கொண்டுபோகவும் முடியும்.

ஈரோட்டு மஞ்சள்:
பட்டர் டீயை நிறுத்துங்கள், காலையில் மூன்று முட்டை. 11 மணிக்கு 50 பாதாம், நெய் இல்லாமல். மதியம் தோல் நீக்கிய கோழி 250 கிராம், இது பச்சையாக நிறுத்த அளவு. வேகவைத்தால் தண்ணீர் போய் எடை குறையும், செயலியில் பச்சையா வெந்ததா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள், இங்கேதான் பாதிப் பேர் தவறுகிறார்கள். இரவு அதே 150 பனீர், 10 கிராம் நெய்யில். சமையல் எண்ணெய் 15 கிராம். காய், கீரை சேர்த்து 400 கிராம். கூட்டினால் 1640 கேலரி, புரதம் 115, கொழுப்பு 118 வரும். தேங்காய்ச் சில்லு வேண்டுமானால் பாதாமில் இருபதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கு ஒரு வழி: காலையில் வீட்டுக்கு வேண்டியதை ஒரு கிண்ணத்தில் நிறுத்து ஊற்றி வைத்துவிட்டால் பாட்டிலைத் தொட வேண்டியதில்லை.

மதுரை மல்லி:
அக்கா, எனக்கு வயது 52. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். இதே 45 கிராம் மாவுச்சத்து எனக்கும் சரியாக இருக்குமா?

தூத்துக்குடி நெத்திலி:
அம்மா, தயவுசெய்து நீங்களாகத் தொடங்க வேண்டாம். கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்துவிட்டு மாத்திரையை அதே அளவில் போட்டால் சர்க்கரை அபாயமாகத் தாழும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதேதான். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து: ரத்தச் சர்க்கரை சரியாகக் காட்டும்போதே, கொழுப்பு எரியும்போது உருவாகிற கீட்டோன் கூடி ரத்தம் அமிலமாகலாம். என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். முதலில் மாத்திரை அளவை அவர் மாற்றட்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் பரிசோதனையும் செய்துவிடுங்கள், சிறுநீரகத்தில் குறை இருந்தால் புரத அளவே வேறு.

மதுரை மல்லி:
நாளைக்கே போகிறேன் தம்பி. நல்லவேளை கேட்டேன்.

பின்னலாடைக் கணக்கர்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இன்று காலை 82.7. முதல் வாரம் அசையவே இல்லை, இரண்டாவது வாரம் 600 கிராம், இந்த வாரம் 700. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. பட்டர் டீ இல்லாமல் முதல் நான்கு நாள் கஷ்டமாக இருந்தது, இப்போது முட்டை சாப்பிட்டால் ஒரு மணி வரை பசியே இல்லை. ஒரு சந்தேகம் மட்டும்: எடை இறங்க இறங்க 1700ஐயும் குறைக்க வேண்டுமா?

ஈரோட்டு மஞ்சள்:
சந்தோஷம் தம்பி. 79 வந்ததும் அந்தச் சூத்திரத்தில் புது எடையைப் போட்டுப் பாருங்கள். ஐந்து கிலோவுக்கு அறுபது கேலரி பக்கம்தான் குறையும், பாதாமில் ஒன்பது. அதுவரை எதையும் தொட வேண்டாம். அந்த ஊறுகாய்க் கரண்டியை மட்டும் வெண்ணெய்ப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.