ஹெஸ்பர்க் நோட்டர் டேமை வளர்த்தாரா, விட்டுக்கொடுத்தாரா?

ஏட்டுச்சுவடி:
ஒரு கத்தோலிக்கக் குரு நிர்வாகியாக எவ்வளவு தூரம் போக முடியும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஃபாதர் தியடோர் ஹெஸ்பர்க் பெயரைத்தான். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், சவுத் பெண்ட் ஊரை ஒட்டி இருக்கிறது நோட்டர் டேம் பல்கலைக்கழகம். 1952-ல் அதற்குத் தலைவரானபோது அவருக்கு வயது 35. பதவியில் இருந்ததும் 35 வருடம். வந்தபோது ஆண்டுச் செலவு 97 லட்சம் டாலர். 1987-ல் இறங்கும்போது 17.66 கோடி. நிலைநிதி, அதாவது முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் பணம், 90 லட்சத்திலிருந்து 35 கோடி ஆனது. மாணவர்கள் 4,979-லிருந்து 9,600. ஆசிரியர்கள் 389-லிருந்து 950.

அவர் வந்தபோது அந்த இடத்தின் பெயர் விளையாட்டுப் பக்கத்தில்தான் வரும். அமெரிக்கக் கால்பந்து, அந்த முட்டைப் பந்து ஆட்டம். தலைவரான புதிதில் படம் எடுக்க வந்தவர்கள் பந்தோடு நிற்கச் சொன்னார்கள். முடியாது என்று விட்டார். எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் 1967-ல் செய்தது. பல்கலைக்கழகம் அவர் சேர்ந்திருந்த துறவற சபையான திருச்சிலுவைச் சபையின் சொத்து. அதைப் பொதுநிலையினர், அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாதவர்கள், பெரும்பான்மையாக உள்ள அறங்காவலர் குழுவின் பொறுப்பில் விட வைத்தார். தன் வீட்டுச் சாவியைத் தானே எடுத்து நீட்டிய நிர்வாகி வேறு யார்?

ஜெபமாலை:
நீட்டினார், சரி. அது அவருடைய சாவியா? 1842-ல் ஃபாதர் எட்வர்ட் சொரின் காட்டுக்குள் போய் ஆரம்பித்த இடம் அது. 1879-ல் பிரதான கட்டிடம் எரிந்து சாம்பலானபோது வயதான காலத்தில் மறுபடி எழுப்பினார். அதற்குப் பின்னும் சகோதரர்களும் குருக்களும் சம்பளம் பார்க்காமல் உழைத்தார்கள். 125 வருட உழைப்பு ஒரு கையெழுத்தில் கைமாறியது.

அந்த வருடம் ஜூலையில் என்ன நடந்தது என்பதையும் எழுதியிருக்கலாம். விஸ்கான்சினில் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்தில் 26 பேர் கூடினார்கள். கூட்டியவர் ஹெஸ்பர்க். அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம்: கல்விச் சமூகத்துக்கு வெளியே இருக்கும் எந்த அதிகாரமும், அது திருச்சபை அதிகாரமாகவே இருந்தாலும், பல்கலைக்கழகத்துக்குள் கை நீட்டக் கூடாது. ஒரு குரு எழுத வேண்டியதா இது? ரோமிலிருந்து போப் இரண்டாம் யோவான் பவுல் 1990-ல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்றே தனி ஆணைமடல் எழுத வேண்டி வந்ததற்கு 1967-லிருந்தே காரணம் தேடலாம்.

கணக்குப்பிள்ளை:
சபைச் சண்டையை நீங்கள் பாருங்கள், எனக்கு எண்கள் போதும். 97 லட்சம் 17.66 கோடி ஆனது என்றால் 18 மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1952-க்கும் 1987-க்கும் நடுவில் அமெரிக்காவில் விலைவாசியே நாலே கால் மடங்கு ஏறியது. அதைக் கழித்தால் மிச்சம் நாலு மடங்கு சொச்சம். மாணவர் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட இரட்டித்தது. ஆக ஒரு மாணவருக்கான உண்மைச் செலவு இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டும். நல்ல வளர்ச்சி, மறுக்கவில்லை. அற்புதம் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் காலத்தைப் பாருங்கள். போர் முடிந்து வந்த வீரர்களுக்கு அரசே படிப்புச் செலவு கொடுத்தது. 1957-ல் சோவியத் ஸ்புட்னிக்கை ஏவியது. மறு வருடமே கல்விக்கென்று தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், ஆராய்ச்சிக்குப் பணம். அந்த வெள்ளத்தில் எல்லாப் படகும் உயர்ந்தது. ஒரு படகோட்டிக்கு மட்டும் சிலை எதற்கு?

ஏட்டுச்சுவடி:
நிலைநிதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? 39 மடங்கு. விலைவாசியைக் கழித்தாலும் 9 மடங்கு. அது அரசு வெள்ளத்தில் வந்ததல்ல, கேட்டு வாங்கியது. 1960-ல் ஃபோர்டு அறக்கட்டளை 60 லட்சம் டாலர் தர முன்வந்தது. நிபந்தனை, அதுபோல இரண்டு பங்கை இவர்கள் வெளியே திரட்ட வேண்டும். திரட்டினார்கள். 1963-ல் திறந்த 14 மாடி நூலகம் அந்தக் காலத்து வசூலில் எழுந்தது.

நூலகப்பூச்சி:
நூலகம் என்றதும் நான் வராமல் எப்படி! அதன் சுவரில் கைகளை உயர்த்திய கிறிஸ்துவின் பெரிய ஓவியம் இருக்கிறது. மைதானத்திலிருந்து பார்த்தால் நடுவர் புள்ளி கொடுக்கக் கை தூக்கியது போலத் தெரியும். மாணவர்கள் வைத்த பெயர் டச்டவுன் ஜீசஸ். பந்தைத் தொட மறுத்தவருக்குப் பந்து விட்ட பதில்.

ஜெபமாலை சார், ஒரு பழைய கதை. 1954-ல் நோட்டர் டேம் வெளியிட்ட ஒரு கட்டுரைத் தொகுப்பில் இயேசு சபைக் குரு ஜான் கோர்ட்னி மர்ரி எழுதியது வந்தது. விஷயம், திருச்சபையும் அரசும். ரோமில் பழமைவாதியான கர்தினால் ஒட்டவியானி தரப்புக்குப் பிடிக்கவில்லை. புத்தகத்தைத் திரும்பப் பெறச் சொல்லி சபை மேலிடம் வழியாக அழுத்தம் வந்தது. ஹெஸ்பர்க் மறுத்தார். பதினொரு வருடம் கழித்து, 1965-ல், சமயச் சுதந்திரம் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது ரோமில் கூடிய உலக ஆயர்களின் பேரவை, வெளியிட்ட ஏட்டில் அதே மர்ரியின் கை இருந்தது. 1954-ல் ரோம் சொன்னதைக் கேட்டிருந்தால், 1965-ல் ரோம் சொல்லப்போவதை அழித்தவர் ஆகியிருப்பார். லேண்ட் ஓ லேக்ஸ் வாசகம் வானத்திலிருந்து விழவில்லை. அனுபவத்தில் பட்டு எழுதியது.

ஜெபமாலை:
மர்ரி விஷயத்தில் அவர் செய்தது சரி. அதை நான் எப்போதும் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஒரு தடவை மேலிடம் தவறியது என்பதற்காக மேலிடமே வேண்டாம் என்று எழுதி வைப்பதா?

காரணம் சுதந்திரம் மட்டும்தானா என்றும் கேட்க வேண்டும். 1966-ல் மேரிலாந்து மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: சமயச் சார்புள்ள கல்லூரிகளுக்கு மாநிலப் பணம் கொடுத்தது செல்லாது. அடிபட்டவற்றில் இரண்டு கத்தோலிக்கக் கல்லூரிகள். அடுத்த வருடமே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகமும் நோட்டர் டேமும் பொதுநிலையினர் கையில். தற்செயல் என்று சொல்வீர்களா?

கணக்குப்பிள்ளை:
இதில் ஜெபமாலை பக்கம் நான். பணம் போகும் திசையில் சட்டைக் கலர் மாறும்.

நூலகப்பூச்சி:
பணக் கவலை இருந்தது, யாரும் மறைக்கவில்லை. ஆனால் 1971-லேயே டில்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சபைகள் நடத்தும் கல்லூரிகளும் கட்டிடத்துக்கு மத்திய அரசுப் பணம் வாங்கலாம் என்று சொல்லிவிட்டது. பணத்துக்காக மட்டும் போட்ட வேடம் என்றால் அன்றைக்கே கலைத்திருக்கலாம். யாரும் கலைக்கவில்லையே.

கைமாறியது என்று மட்டும் சொல்வதும் பாதிக் கதை. அறங்காவலர்களுக்கு மேலே ஃபெல்லோஸ் என்று 12 பேர். அதில் 6 பேர் திருச்சிலுவைச் சபைக் குருக்கள். தலைவர் பதவிக்கு அந்தச் சபைக் குருதான் வர வேண்டும் என்றும், கத்தோலிக்கத் தன்மை எப்போதும் காக்கப்பட வேண்டும் என்றும் விதியிலேயே எழுதியிருக்கிறது. சாவியைக் கொடுத்தார், பூட்டை அவரே வடிவமைத்தார்.

தென்றல்:
எல்லோரும் ரோமையும் டாலரையும் பேசுகிறீர்கள். 1972 வரை அங்கே இளங்கலையில் பெண்களே கிடையாது. யேலும் பிரின்ஸ்டனும் 1969-லேயே சேர்த்துவிட்டன. இவர்கள் முதலில் பக்கத்திலிருந்த செயின்ட் மேரிஸ் பெண்கள் கல்லூரியோடு இணைவதாக 1971-ல் அறிவித்தார்கள். அதே வருடக் கடைசியில் அது முறிந்தது. அதன்பிறகுதான் நேரடியாகச் சேர்த்தார்கள். முன்னோடி என்கிற வார்த்தையை இந்த விஷயத்தில் மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

ஏட்டுச்சுவடி:
தாமதம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனித உரிமையில் அவர் தாமதமாக வந்தவர் அல்ல. அமெரிக்க அரசின் குடிமை உரிமைகள் ஆணையம் 1957-ல் தொடங்கியபோதே உறுப்பினர், 1969-லிருந்து அதன் தலைவர். நிக்சன் ஆட்சியின் போக்கை நேருக்கு நேர் விமர்சித்தார். 1972 தேர்தல் முடிந்த கையோடு விலகச் சொன்னார்கள். 1964-ல் சிகாகோ மைதானத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு கைகோர்த்து நிற்கும் படம் இன்னும் இருக்கிறது.

தென்றல்:
படம் பார்த்திருக்கிறேன். அதே ஆள் 1969 பிப்ரவரியில் மாணவர்களுக்கு எழுதிய கடிதத்தையும் பாருங்கள். பலவந்தமாக மறியல் செய்தால் யோசிக்க 15 நிமிடம், அதற்குப் பிறகும் கலையாவிட்டால் இடைநீக்கம். நிக்சன் அதைப் பாராட்டிச் செய்தி அனுப்பினார்! அந்த நவம்பரில், வியட்நாம் போருக்கு நேபாம் தீக்குண்டுப் பொருள் தயாரித்த டவ் கெமிக்கல், உளவு அமைப்பு சிஐஏ இரண்டின் ஆள்சேர்ப்பையும் மறித்த பத்து மாணவர்கள் மேல் அந்த விதி பாய்ந்தது.

நூலகப்பூச்சி:
பாராட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அதைச் சாக்காக வைத்து வளாகங்களுக்கு மத்திய அரசு சட்டம் போடக் கூடாது என்று துணை ஜனாதிபதி அக்னியூவுக்கு எழுதினார். லேண்ட் ஓ லேக்ஸில் ரோமிடம் சொன்னதைத்தான் வாஷிங்டனிடமும் சொன்னார்: உள்ளே வராதே.

கணக்குப்பிள்ளை:
உள்ளே வராதே என்று எல்லோருக்கும் சொன்னவர் தானும் உள்ளே அதிகம் இருந்ததில்லை. மாணவர்களிடையே ஓடிய ஜோக்: கடவுள் எங்கும் இருக்கிறார், ஹெஸ்பர்க்கும் எங்கும் இருக்கிறார், நோட்டர் டேமைத் தவிர. வீட்டைப் பார்த்துக்கொண்டவர் நிர்வாகத் துணைத்தலைவர் ஃபாதர் எட்மண்ட் ஜாய்ஸ். அவரும் அதே 35 வருடம். கணக்கு வழக்கு, கட்டிடம், விளையாட்டு எல்லாம் அவர் மேஜை. நூலகத்துக்கு ஹெஸ்பர்க் பெயர் வைத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த 18 மடங்கில் பாதி ஜாய்ஸுடையது.

ஏட்டுச்சுவடி:
சரி, பாதி தருகிறேன். ஆனால் அந்த ஜாய்ஸை 35 வருடம் கூடவே வைத்துக்கொண்டதும் தலைமைதான்.

ஜெபமாலை:
35 வருடம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களே, அது எப்படி நடந்தது தெரியுமா? முன்பெல்லாம் நோட்டர் டேம் தலைவர்தான் அங்குள்ள குருக்களுக்கு மேலதிகாரியும். திருச்சபைச் சட்டப்படி மேலதிகாரிக்கு ஆறு வருடம், அவ்வளவுதான். 1958-ல் ஹெஸ்பர்க்கின் ஆறு வருடம் முடிந்தது. என்ன செய்தார்கள்? இரண்டு பதவியையும் பிரித்தார்கள். மேலதிகாரி வேறொருவர், தலைவர் அவரே. உங்கள் நாயகனுக்காக முதலில் வளைந்தது 1967 அல்ல, 1958.

ஏட்டுச்சுவடி:
இது எனக்குப் புதிது. ஆறு வருடத்தில் போயிருந்தால் நூலகமும் இல்லை, 1967-உம் இல்லை. வளைத்தது நல்லதுக்கே என்றுதான் இப்போதும் சொல்வேன்.

ஜெபமாலை:
அப்படியானால் ஒரு கேள்வி. அவருக்குப் பிறகு மலோய், ஜென்கின்ஸ், 2024-லிருந்து ராபர்ட் டவுட். எல்லோரும் அதே சபைக் குருக்கள். நூலகப்பூச்சி சொன்ன பூட்டு இதுவரை வேலை செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பூட்டுக்குள் இருப்பது தேவ அழைத்தல், அதாவது குருவாக முன்வரும் ஆட்கள். பல்கலைக்கழகத்தை நடத்தத் தெரிந்த ஒரு குரு சபையில் கிடைக்காத நாள் வந்தால்?

கணக்குப்பிள்ளை:
1958-ல் செய்ததையே செய்வார்கள். விதியை மாற்றுவார்கள்.

ஜெபமாலை:
அதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.