குளச்சல் எந்தக் கடல்?

நான் பயிற்சி நிருபராகச் சேர்ந்த முதல் ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் பற்றி எழுதச் சொன்னார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், வருஷா வருஷம் பேப்பரில் வருவதுதானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்போடு குளச்சலுக்கு பஸ் ஏறினேன். கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "தடைக்காலத்துல வருமானம் இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்குமே?" என்றேன். பதிலையும் நானே சொல்லிவிட்டேன், பாருங்கள். அவர் தலையாட்டி, "கஷ்டந்தான்" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பின்னாலேயே படகுகள் போவதும் வருவதுமாக இருந்தன, கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை.

ராத்திரி செய்தி திருத்தும் டெஸ்கில் இருந்த அக்கா நான் எழுதியதைப் படித்துவிட்டு, "தம்பி, குளச்சல் எந்தக் கடல்?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்ன தேதி கிழக்குக் கடற்கரைக்கு. மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே கன்னியாகுமரி மாவட்டத்தில் கிழக்கே இருக்கும் சின்னமுட்டத்துக்கு ஒரு கணக்கு, மேற்கே இருக்கும் குளச்சலுக்கு வேறு கணக்கு. தவிர, தடை விசைப்படகுகளுக்குத்தான். அவர் எந்தப் படகில் போகிறவர் என்றுகூட நான் கேட்கவில்லை.

மறுநாள் திரும்பப் போய், "கடைசியா எப்போ கடலுக்குப் போனீங்க?" என்றேன்.

"நேத்து வெடியக்காலம்."

"அப்போ ஏன் கஷ்டம்னு சொன்னீங்க?"

"நீதானே மக்கா அப்பிடிச் சொன்ன. நான் எதுக்கு இல்லைன்னு சொல்லணும்?"

—

மேலே எழுதியவருக்கு: எனக்கும் இப்படி ஒன்று உண்டு, மழைக் கணக்கில். வானிலை மையப் பட்டியலில் எங்கள் ஊருக்கு நேராக ஒரு பெரிய எண், மேலே அன்றைய தேதி. "இன்று கொட்டித் தீர்த்தது" என்று அடித்துவிட்டேன். அந்தப் பட்டியல் முதல் நாள் காலை 8.30 மணியிலிருந்து அன்று காலை 8.30 வரைக்குமான கணக்கு என்று எனக்கு யார் சொன்னது? யாரையும் கேட்கவும் இல்லை. சாயங்காலம் ஒரு வாசகர் போன் பண்ணி, "சார், நீங்க சொன்ன அன்னிக்குத்தான் எங்க வீட்டு மாடியில வத்தல் காயப் போட்டிருந்தோம்" என்றார். கிண்டலே இல்லாமல், ரொம்ப மரியாதையாக. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.