புது மீன் தொட்டி, சைக்கிள் (மீன் கழிவைத் தின்னும் பாக்டீரியா தொட்டியில் வளர்ந்து நிலைப்பது), முதல் மீன்: மறக்க முடியாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

செங்காங் சித்தி:

அக்கா வீட்டில் பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. இரண்டடித் தொட்டி. குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளியில் வைத்திருந்து ஊற்றி, ஃபில்டரை ஒரு வாரம் ஓடவிட்டு, அப்புறம்தான் பிளாட்டியும் நியான் டெட்ராவும் வாங்கி விட்டார். கடையில் சொல்லியனுப்பியது அப்படித்தான். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே இருந்ததாம். நான் போன அன்று அத்தனை மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. “சித்தி, பசிக்குது போல, சாப்பாடு போடட்டா?” என்று அக்கா மகன் டப்பாவோடு நிற்கிறான்.

கடைக்குத் தண்ணீர் கொண்டுபோனதற்கு மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மட்டும் பார்த்துவிட்டு, பூச்சியம், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். அம்மோனியாவைப் பாக்டீரியா தின்றபின் உண்டாகும் அடுத்த நஞ்சு நைட்ரைட், அதை என் டெஸ்ட் கிட்டில் பார்த்தேன். சொட்டு விழுந்ததும், குலுக்குவதற்குள்ளேயே ஊதா, அதாவது எக்கச்சக்கம். அப்போதுதான் செத்திருந்த ஒரு பிளாட்டியை வலையில் எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கினேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காப்பிக் கறை மாதிரி பழுப்பு. நைட்ரைட் ஏறிய ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. எவ்வளவு குமிழ் விட்டாலும் மீனுக்கு மூச்சு முட்டும். படித்துத் தெரிந்ததுதான், ஆனால் அந்தப் பழுப்பைக் கண்ணால் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது.

பாதித் தண்ணீரை மாற்றி, கொஞ்சம் உப்பு கரைத்து ஊற்றினோம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். பிளாட்டிகள் தேறின. நியான் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜூரோங் ரவி:

சித்தி, நைட்ரைட் சரி. அந்த வாளிக் கதையை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. ஓர் இரவு வைத்தால் போவது குளோரின். நம் சிங்கப்பூர்க் குழாயில் வருவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின், அது அப்படியெல்லாம் பறந்து போகாது. ஊரில் தாத்தா செய்தார், அப்பா செய்தார் என்று இங்கேயும் செய்கிறார்கள். ஆன்டி-குளோரின் சொட்டு கட்டாயம் வேண்டும், அதுவும் குளோரமினுக்கும் சேர்த்து என்று பாட்டிலில் போட்டிருக்க வேண்டும்.

என் எதிர்வீட்டு அண்ணனுடையது பல வருஷத் தொட்டி. தீபாவளிக்கு வீட்டைக் கழுவும்போது யாரோ ஃபில்டர் ஸ்பான்ஜையும் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று பிழிந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் தொட்டி பால் வெள்ளை. ஸ்பான்ஜில் இருந்த பாக்டீரியாவைக் குழாய்த் தண்ணீர் கொன்றுவிட, பழைய தொட்டி ஒரே பிற்பகலில் புதுத் தொட்டி ஆகிவிட்டது. ஸ்பான்ஜைத் தொட்டித் தண்ணீரிலேதான் அலச வேண்டும்.

இனி புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. வெறும் தண்ணீரில் ஃபில்டர் ஒரு மாதம் ஓடினாலும் சைக்கிள் ஆகாது, பாக்டீரியாவுக்குத் தின்ன அங்கே ஒன்றுமில்லை. அம்மோனியம் குளோரைடு கிடைத்தால் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும் அளவுக்குப் போடுங்கள். கிடைக்காவிட்டால் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுகவிடுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், கடைசியில் அவ்வளவு நஞ்சில்லாத நைட்ரேட்தான் மிஞ்சும். நடுவில் வரும் அந்த நைட்ரைட் கட்டத்தில்தான் சித்தியின் அக்கா மாட்டிக்கொண்டார். மறுபடி 2 பிபிஎம் போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியமானால் தொட்டி தயார். பெரிய தண்ணீர் மாற்றம் ஒன்று செய்துவிட்டு மீன் விடுங்கள்.

இங்கே ஹீட்டர் தேவையில்லை. 28, 29 டிகிரியில் பாக்டீரியா குளிர் நாடுகளைவிடச் சீக்கிரம் வளரும். ஆனால் நம் தண்ணீரில் கேஹெச், அதாவது பிஹெச் சரியாமல் தாங்கும் கார்பனேட், குறைவு. சைக்கிள் நடக்க நடக்க அது கரைந்து பிஹெச் சரியும், 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா எல்லாம் படுத்துவிடும். ஒரு கைப்பிடி பவளத் துண்டை ஃபில்டரில் போடுங்கள். இன்னொன்று: குளோரமினை உடைத்தால் கொஞ்சம் அம்மோனியா வெளிவரும். தண்ணீர் மாற்றியதும் டெஸ்ட் லேசாகப் பச்சை காட்டுவது அதனால்தான். பதறாதீர்கள்.

ஈசூன் இறால்:

பவளத்தை எல்லாருக்கும் சொல்லாதீர்கள், ரவி. அக்வாசாயில் என்ற செடித் தொட்டி மண்ணைப் போட்டவர்கள் பிஹெச் இறங்கத்தானே அதை வாங்குகிறார்கள்.

எனக்கு நேர்ந்ததும் அந்த மண்ணால்தான். புது மண் முதல் சில வாரங்களுக்குத் தானாகவே அம்மோனியா விடும், தனியாகப் போட வேண்டியதே இல்லை. அலுவலகத் தோழி ஒருவர் செடியெல்லாம் நட்டு அழகாக வைத்திருந்தார். நான் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டு, பொறுங்கள் என்றேன். தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று அன்று மாலையே செர்ரி இறாலை விட்டார். மறுநாள் காலை படம் அனுப்பினார். கறுப்பு மண்ணெல்லாம் சிவப்புச் சிவப்பாக. அந்தப் படத்தை என்னால் இன்னும் அழிக்க முடியவில்லை.

பாசிர் ரிஸ் மாமா:

நான் இந்த ரசாயனம் எதுவும் போட்டதில்லை. தம்பி மகன் சுவா சூ காங்கில் தொட்டி வைத்தபோது, என் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பான்ஜ் ஃபில்டரை அப்படியே எடுத்து, தொட்டித் தண்ணீரோடு ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து எம்ஆர்டியில் கொண்டுபோனேன். மறுநாளே நாலு கப்பி விட்டோம். அவன் தினமும் டெஸ்ட் எடுத்து எனக்கு அனுப்பினான். ஒரு நாளும் ஊதா வரவில்லை.

ஈசூன் இறால்:

மாமா, அது நாலு கப்பி. நாற்பது விட்டிருந்தால் அந்த ஒரு ஸ்பான்ஜ் தாங்கியிருக்காது. உங்கள் தொட்டியில் நோய் இருந்திருந்தால் அதுவும் கூடவே போயிருக்கும்.

செங்காங் சித்தி:

பாட்டிலில் விற்கும் பாக்டீரியா பற்றி யாரும் சொல்லவில்லையே? அக்கா அதையும் ஊற்றியிருந்தார்.

ஜூரோங் ரவி:

பாட்டிலைப் பொறுத்தது, சித்தி. 1998-ல் ஆய்வாளர் டிமதி ஹோவனெக் குழுவினர், நன்னீர்த் தொட்டியில் நைட்ரைட்டைத் தின்பது அதுவரை நம்பிவந்த நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்று காட்டினார்கள். அதனால் எந்தப் பாக்டீரியா என்று லேபிளில் பாருங்கள், வெயிலில் அடுக்கி வைத்த பாட்டிலை எடுக்காதீர்கள். எதை ஊற்றினாலும், நான் சொன்னபடி 2 பிபிஎம் போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் காட்டும்வரை மீன் வேண்டாம்.

பாசிர் ரிஸ் மாமா:

இறால் சொன்னது நியாயம், மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். சித்தி, அக்கா மகன் மறுபடி தொட்டி வைக்க ஆசைப்பட்டால் என்னிடம் இன்னொரு ஸ்பான்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. டப்பா கொண்டுவரச் சொல்லுங்கள். வழியில் மூடியை இறுக்கி அடைக்க வேண்டாம், காற்று இல்லாவிட்டால் பாக்டீரியா தாங்காது.